கீழிமை அறுவை: எதை எடுப்பது, எதை விடுவது

கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கிறது, ராத்திரி தூங்கவில்லையா என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இந்த ஒரே புகாரோடு தென்சென்னையில் ஒருவர் மூன்று இடங்களுக்குப் போகலாம். தி.நகர் தோல் மருத்துவரிடம் போனால் பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்ற பதில் வரலாம். அடையாறில் பிளாஸ்டிக் சர்ஜன், கொழுப்பை எடுத்துவிட்டுத் தொங்கும் தோலையும் கொஞ்சம் வெட்டலாம் என்பார். கண் மருத்துவமனையில் இமைக்கென்றே இருக்கும் ஓக்குலோபிளாஸ்டி பிரிவில், வெளியே தழும்பே தெரியாமல் இமையின் உட்பக்கமாகச் செய்துவிடலாம் என்பார்கள். மூவரும் தகுதியுள்ளவர்களாக இருக்கலாம். மூன்று பதில்களும் அவரவர் கோணத்தில் சரியாகவும் இருக்கலாம். குழம்பிப்போவது பணம் கட்டப்போகிறவர்தான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அறுவை என்று யோசிப்பதற்கு முன், கண்ணுக்குக் கீழே தெரிவது என்ன என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் தோல் நிறத்தில், ‘கண்ணுக்குக் கீழே’ என்று கொண்டுவரப்படும் குறைகளில் கணிசமானவை கத்தியால் தீராதவை. தீரக்கூடியவற்றிலும், குறைவாக எடுக்கிற அறுவையே பெரும்பாலும் நல்ல அறுவை.

கீழிமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் அடியில் கண்ணை மூடும் வட்டத் தசை. தசைக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சவ்வு. சவ்வுக்குப் பின்னால் கண்விழிக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு: மூக்கோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வெளி ஓரத்தில் ஒன்று என மூன்று திட்டுகள். முதலிரண்டுக்கும் இடையே கண்ணைச் சுழற்றும் சிறு தசை ஒன்று ஓடுகிறது. அறுவையின்போது அது காயப்பட்டால் பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரியும். வயதாக ஆகச் சவ்வு தளர்ந்து கொழுப்பு முன்னே தள்ளுகிறது. அதே காலத்தில் கன்னத்துச் சதையும் இறங்கிவிடுவதால் இமைக்கும் கன்னத்துக்கும் நடுவே பள்ளம் விழுகிறது. மேலிருந்து விழும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் நிழலாகிறது. ஆக, பலர் பை என்று சொல்வதில் பாதி மேடு, பாதி நிழல். சில குடும்பங்களில் இது இருபத்தைந்து வயதிலேயே வந்துவிடும்; அப்பாவின் பழைய போட்டோவைப் பார்த்தால் அங்கேயும் அதே பை இருக்கும்.

மருத்துவரிடம் போகும் முன் வீட்டிலேயே கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். பகலில் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மேடு இன்னும் துருத்தினால் அது கொழுப்பு. வெளிச்சம் கீழிருந்து முகத்தில் படும்படி செய்ததும் கருமை மறைந்துவிட்டால் அது பள்ளத்தின் நிழல். தோலை விரலால் மெல்ல இழுக்கும்போது கருமை தோலோடு சேர்ந்தே நகர்ந்தால் அது நிறமி. இழுக்கும்போது ஊதாவாக இன்னும் அடர்ந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் தெரிகின்றன என்று பொருள். காலையில் பெரிதாக இருந்து மாலைக்குள் வடிந்துவிட்டால் அது நீர். முந்தின நாள் ராத்திரி ஊறுகாய், அப்பளம், வத்தல் என்று உப்பு கூடியிருந்ததா, தும்மலும் கண் அரிப்பும் உண்டா, தைராய்டு பரிசோதித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்போது யோசிக்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும் முகமும் இமையும் ஊதும்; தைராய்டு சார்ந்த கண் நோயில் விழியே முன்னே தள்ளுவதால் பை போலத் தெரியும். சிறுநீரகக் கோளாறு முதலில் இமை வீக்கமாகவே தலைகாட்டுவதும் உண்டு. இவற்றை விசாரிக்காமல் அறுவைத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

கருவளையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் ஏமாற்றம் அதிகம் விளைவது இங்கேதான். நிறமியால் வரும் கருமை குடும்ப வழியாக வரும். கண்ணைத் தேய்க்கும் பழக்கத்தாலும், அலர்ஜியாலும், வெயிலாலும் கூடும். கொழுப்பை எடுத்தால் அது போகாது. மேடு போய்த் தட்டையான இமையில் கருமை மட்டும் அப்படியே நிற்கும். பல முகங்களில் நிறமியும் நிழலும் கலந்தே இருக்கும். அப்படியிருந்தால் அறுவையால் எவ்வளவு பங்கு சரியாகும், எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லும் மருத்துவரை நம்பலாம். வெள்ளைத் தோலுக்காக எழுதப்பட்ட பாடப்புத்தகங்களில் இந்தக் கலப்புக்குக் கிடைக்கும் இடம் குறைவு. அந்தப் படங்களைக் காட்டி நம்மவருக்கு வாக்குக் கொடுப்பது நியாயமில்லை.

இனி அறுவை. இமைக் கொழுப்பு எத்தனை அறைகளில் எப்படி இருக்கிறது என்பதை 1951-இல் காஸ்டனாரெஸ் விளக்கமாக எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், துருத்துவதை எடுத்துவிடுவதே அறுவை என்று இருந்தது. இமையின் விளிம்பில், ரோமத்துக்குச் சற்றுக் கீழே கீறி, தசையைத் தூக்கி, கொழுப்பை எடுத்து, மிச்சத் தோலை வெட்டித் தைப்பார்கள். முதல் சில வருடம் நன்றாக இருக்கும். வயது ஏற ஏறக் கன்னம் வற்றியபோது, ஏற்கெனவே கொழுப்பை இழந்த அந்தக் கண்கள் குழிவிழுந்து, நோயாளியின் கண்கள் போல ஆயின. இந்த அனுபவம்தான் துறையின் திசையை மாற்றியது. பிரேசிலின் லோப் 1981-இல், மூக்கோரக் கொழுப்பை எடுத்து எறியாமல் பள்ளத்துக்குள் சரித்துவிடும் முறையை எழுதினார். அமெரிக்காவின் ஹாம்ரா 1995-இல் அதை விரிவாக்கி, எலும்பு விளிம்பில் சவ்வு ஒட்டியிருக்கும் இடத்தை விடுவித்து, கொழுப்பு முழுவதையும் கீழே பரப்பும் முறையைச் சொன்னார். மேட்டிலிருப்பதை எடுத்துப் பக்கத்துப் பள்ளத்தில் பரப்பினால் இரண்டும் ஒருசேரச் சமமாகிவிடும் என்பதே இதன் கணக்கு.

இன்னொரு பாதை இமையின் உள்பக்கம் வழியாகப் போவது. பாரிஸில் பூர்கே 1924-லேயே இதைச் செய்து எழுதியிருந்தாலும், பரவலானது 1980-களுக்குப் பிறகுதான். இமையைக் கீழே மடக்கி, உட்புறச் சிவந்த சவ்வில் கீறி, கொழுப்பை அடைகிறார்கள். வெளியே தழும்பு கிடையாது. தோலும் தசையும் தொடப்படாததால் இமை கீழே இழுபடும் ஆபத்தும் குறைவு. பை மட்டும் இருந்து தோல் இறுக்கமாக உள்ள முப்பது வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அறுபது வயதில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறவருக்கு உள்வழி மட்டும் போதாது. அடியிலிருந்த கொழுப்பு போனதும் சுருக்கம் கூடத்தான் செய்யும். அவருக்கு உள்வழியாகக் கொழுப்பைச் சரிசெய்துவிட்டு, வெளியே மிகையாக இருக்கும் தோலை மட்டும் கிள்ளிப் பிடித்து ஒரு மெல்லிய பட்டையாக வெட்டித் தைக்கலாம். தசையைத் தொடாத இந்தக் கிள்ளல் முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், பழைய முழு வெட்டின் ஆபத்தில்லாமல் அதன் பலனில் பெரும்பகுதியைத் தருகிறது.

தோலைச் சுருக்க லேசரும் ரசாயனப் பீலும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு லேசர் வெளுத்த தோலில் நல்ல பலன் தருகிறது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அதே லேசர் பட்ட இடம் மாதக்கணக்கில் கறுத்துப்போகலாம். கருமை போக வேண்டும் என்று வந்தவருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. குறைந்த சக்தியில், முன்தயாரிப்போடு, வெயிலைத் தவிர்க்கும் ஒழுங்கோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தினமும் பட்டப்பகலில் ஸ்கூட்டரில் பாண்டி பஜாரைத் தாண்டிப் போகிறவருக்கு அந்த ஒழுங்கு நடைமுறையில் சாத்தியமா என்று யாராவது கேட்க வேண்டும். கத்தித் தழும்பைப் பற்றி நம்மவர்கள் பயப்படும் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மார்பிலும் காது மடலிலும் வரும் கெலாய்டு இமைத் தோலில் மிக மிக அரிது.

ஃபில்லர் பற்றி இப்போது எங்கும் பேச்சு. ஹையலுரானிக் அமிலத்தைப் பள்ளத்தில் ஊசியால் நிரப்புவது அரை மணி வேலை. மறுநாளே ஆபீஸ் போகலாம். பை அதிகமில்லாமல் பள்ளம் மட்டும் உள்ள, தோல் தடிப்பான இளைஞருக்கு இது நியாயமான தேர்வு. பை பெரிதாக உள்ளவருக்குப் பையைச் சுற்றி நிரப்பி மறைக்கப் பார்ப்பது முகத்தையே ஊதவைத்துவிடும். தோலுக்கு மிக அருகில் போட்டால் நீலம் பாய்ந்த சாயல் தெரியும். நீரை ஈர்த்துக்கொள்ளும் பொருள் என்பதால் காலை வீக்கம் உள்ளவருக்கு வீக்கம் கூடும். ஒரு வருடத்தில் கரைந்துவிடும் என்று சொல்லப்பட்டது இந்த இடத்தில் பல வருடம் தங்குவதும் உண்டு. அமெரிக்க எஃப்டிஏ இந்தப் பள்ளத்துக்கென்று ஒரு ஃபில்லரை ஏற்றுக்கொண்டதே 2022-இல்தான். தப்பித்தவறி ஊசி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே போகலாம். ஹையலுரானிடேஸ் என்ற கரைக்கும் மருந்து கையிருப்பில் இல்லாத இடத்தில் கண்ணருகே ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. தொடையிலோ வயிற்றிலோ இருந்து எடுத்த சொந்தக் கொழுப்பை நிரப்புவதும் உண்டு. மெல்லிய இமைத் தோலுக்கு அடியில் அது கட்டி கட்டியாகத் தெரிந்தால் எடுப்பது கஷ்டம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான, ஆலோசனை அறையில் மிகக் குறைவாகப் பேசப்படும் விஷயம் இமையின் இறுக்கம். கீழிமை இரண்டு முனையிலும் எலும்போடு கட்டப்பட்ட தொட்டில் துணி போன்றது. வயதில் அந்தக் கட்டு தளரும். தளர்ந்த இமையில் தோலைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலும், உள்ளே தழும்பு சுருங்கினாலும், இமை கீழே இறங்கிவிடும். கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். முற்றினால் இமை வெளிப்பக்கம் திரும்பி, கண் காய்ந்து, நீர் வழிந்து, உறுத்தும். சோதனை மிக எளிது. மருத்துவர் கீழிமையைக் கீழே இழுத்து விட வேண்டும். கண் சிமிட்டாமலே அது சட்டென்று விழியில் போய் ஒட்டினால் இறுக்கம் இருக்கிறது. மெதுவாகப் போனாலோ, சிமிட்டினால்தான் போகிறது என்றாலோ தளர்ச்சி. இமையை விழியிலிருந்து முன்னே இழுத்தால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் வந்தாலும் அப்படியே. பக்கவாட்டில் பார்க்கும்போது கன்ன எலும்பைவிட விழி முன்னே நிற்கிறதா என்பதும் முக்கியம்; அப்படிப்பட்ட முகங்களில் இமை இறங்கும் ஆபத்து கூடுதல். தளர்ச்சி இருந்தால் வெளிமுனையை எலும்போடு இறுக்கிக் கட்டும் சிறு அறுவையைக் கூடவே செய்ய வேண்டும். உங்கள் இமையை ஒருமுறைகூட விரலால் இழுத்துப் பார்க்காமல், போனில் எடுத்த படத்தை வைத்தே விலை சொல்கிறவரிடம் கண்ணை ஒப்படைக்காதீர்கள்.

இதனால்தான், யாரிடம் போவது என்ற கேள்விக்கு என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி. பட்டத்தைவிட, இறங்கிய இமைகளைத் தூக்கிச் சரிசெய்த அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள். தீக்காயத்தில் இழுபட்ட இமை, முகவாதத்தில் மூடாத கண், கட்டி எடுத்த பிறகு திரும்பக் கட்டிய இமை என்று பார்த்தவருக்கு, ஒரு மில்லிமீட்டர் தோலின் அருமை தெரியும். சென்னைக்கு இந்த அனுபவம் நிறையவே உண்டு. எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. 1978-இல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில் இமை, கண்குழி அறுவைக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரியில் ஸ்டான்லியும் தீக்காயச் சிகிச்சையில் கீழ்ப்பாக்கமும் பெயர் பெற்றவை. இப்படிப்பட்ட இடங்களில் பயின்றவர்கள் பலர் இன்று தனியாரில் இருக்கிறார்கள். கண் மருத்துவத்தில் எம்.எஸ். முடித்து ஓக்குலோபிளாஸ்டி ஃபெல்லோஷிப் செய்தவரா, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவரா என்று கேட்பது அவமரியாதை இல்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவெண்ணைச் சரிபார்ப்பதும் அப்படித்தான்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இந்த ஊர் ஒரு உயிரைக் கொடுத்திருக்கிறது. 2016-இல் சென்னையில் முடி நடுதல் செய்துகொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு சலூன் நடத்தும் உரிமமே இருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997-லேயே வந்திருந்தும், அதற்கான விதிகள் 2018-இல்தான் வெளியாயின. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்ததெல்லாம் அழகியல் அறுவைக்குப் பயிற்சியாகாது என்று எழுத்தில் சொல்ல வேண்டிவந்தது. இமை அறுவை பெரும்பாலும் மரப்பூசியில், லேசான மயக்கத்தோடு நடக்கும் சின்ன வேலைதான். ஆனாலும் மயக்க மருந்து நிபுணரும், ஆக்சிஜனும், இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டரும் இருக்கும் அறையில்தான் நடக்க வேண்டும்.

மிகப் பயங்கரமான சிக்கல் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது. அமெரிக்க ஓக்குலோபிளாஸ்டி சர்ஜன்கள் செய்த சுமார் 2.7 லட்சம் இமை அறுவைகளைக் கணக்கெடுத்து 2004-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 2,000-க்கு ஒருவருக்கு இது நேர்ந்தது. நிரந்தரப் பார்வை இழப்பு சுமார் 22,000-க்கு ஒருவருக்கு. அரிதுதான். ஆனால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வருவது. உடனே கவனித்தால் காப்பாற்றக்கூடியது. ஆகவே ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது; இதய மருத்துவர் சொல்லட்டும். நிறுத்த முடியாது என்று அவர் சொன்னால் அழகுக்கான அறுவையை விட்டுவிடுவதே விவேகம். மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, வைட்டமின் இ ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் சில வாரம் குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, விழுந்து நமஸ்கரிப்பது, யோகாசனம் பழகுகிறவர்கள் சிரசாசனம் செய்வது எல்லாம் தள்ளிப்போட வேண்டியவை.

கண் ஏற்கெனவே காய்ந்தவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. தரமணியிலும் ஓஎம்ஆரிலும் நாள் முழுக்க ஏசியில் திரையைப் பார்க்கிறவர்களுக்கு உறுத்தலும் எரிச்சலும் சகஜம். லேசிக் செய்துகொண்டவருக்குக் குறைந்தது ஆறு மாதமாவது போக வேண்டும். கண்ணீர்ச் சுரப்பைச் சோதித்துவிட்டே கத்தி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வீட்டில் யாருக்காவது மெட்ராஸ் ஐ வந்திருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். உட்புறச் சவ்வில் கீறப்போகிற நேரத்தில் அந்தத் தொற்று வேண்டாம்.

தேதி குறிப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தை மாதக் கல்யாணத்துக்கு மார்கழியில் அறுவை. மூன்று வார விடுமுறையில் மயிலாப்பூர் வந்து, கச்சேரிகளுக்கு நடுவே செய்துகொண்டு, தையல் பிரித்த கையோடு விமானம் ஏறும் வெளிநாட்டு உறவினர்கள். கன்னிப்போன ஊதா நிறம் மறையவே பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். சிலருக்கு வெள்ளை விழியின் சவ்வு நீர்கோத்து வாரக்கணக்கில் நிற்கும். இமை இறங்கத் தொடங்குவது முதல் சில வாரங்களில்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் மசாஜும் பிளாஸ்திரித் தாங்கலும் கொடுத்தாலே பலருக்குச் சரியாகிவிடும், ஆனால் அதைப் பார்க்க மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். இறுதி வடிவம் தெரிய மூன்று மாதமாவது வேண்டும். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்னால் முடியாது என்றால், முகூர்த்தத்துக்குப் பிறகு செய்துகொள்ளலாம்.

செலவு கையிலிருந்துதான். அழகுக்கான அறுவையைக் காப்பீட்டு பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. மற்ற மருத்துவச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் இதற்கு இல்லை. எனவே சொல்லப்படும் தொகையில் மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கு, வரி, பின்னர் வரும் பரிசோதனைகள் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்க வேண்டும். ஒப்புதல் படிவத்தையும் வாசித்துக் கையெழுத்திடுங்கள். ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதலை வைத்து, உயிராபத்து இல்லாத நிலையில் இன்னொன்றைச் செய்யக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெளிமுனை இறுக்கம், தோல் கிள்ளல், லேசர் என எதெல்லாம் செய்யப்படலாம் என்பது படிவத்தில் பெயரோடு இருக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். அடையாறில் இருந்து வேலைக்குப் போகும் இருபத்தெட்டு வயதுக்காரர், அப்பாவிடமிருந்து வந்த பை, இறுக்கமான தோல்: உள்வழியாகச் செய்து, பள்ளம் இருந்தால் கொழுப்பை அதில் பரப்பலாம். மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபத்திரண்டு வயது, தளர்ந்த இமை, சுருங்கிய தோல், சர்க்கரை: உள்வழி, சிறிய தோல் கிள்ளல், வெளிமுனைக்கு ஒரு கட்டு, அவ்வளவுதான். அறுபத்திரண்டை நாற்பதாக்கப் பார்க்க வேண்டாம். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண், பை இல்லை, நிறமியால் வந்த கருவளையம்: அவருக்கு அறுவையே கிடையாது. அலர்ஜிக்கு மருந்து, வெயிலுக்குச் சன்ஸ்கிரீன், தேய்க்காமல் இருப்பது, தோல் மருத்துவர் தரும் களிம்பு போதும். பாதி வெளுத்தாலே நல்ல பலன். அவரிடம் ஃபில்லருக்கு மாதச் சம்பளத்தைவிட அதிகமாக வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு, பையின் கீழ்க்கோட்டின் மேல் விளிம்பு விழும்படி சற்றுத் தடித்த பிரேமைத் தேர்ந்தெடுத்தாலே பாதி மறைந்துவிடுகிறது. செய்துகொண்டு திருப்தியில்லாதவர்கள், இமை இறங்கிக் கண்ணுக்கே ஆபத்து என்ற நிலை தவிர, ஆறு மாதமாவது காத்திருந்த பின்தான் இரண்டாம் அறுவையை யோசிக்க வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தால் அப்போது எடுப்பது சுலபம். அதிகம் எடுத்திருந்தால் மேல்வாயிலிருந்தோ காதுக்குப் பின்னாலிருந்தோ சதையும் தோலும் கொண்டுவந்து ஒட்ட வேண்டியிருக்கும். அப்படி ஒட்டிய பிறகும் இமை பழையபடி ஆவதில்லை.